உழைப்போர் படிப்பும் சங்கத்தின் பொறுப்பும்

நம் சங்கத்தில் புதிய அங்கத்தினர் ஒருவர் சேர வரும்பொழுது தறி எத்தனை, நிலம் எவ்வளவு, பங்குத் தொகை எத்தனை ரூபாய் என்று கேட்டு எழுதிக்கொள்ளுகிறோம். எந்த வகுப்போடு படிப்பு நின்றது, மீண்டும் தொடர விருப்பமுண்டா என்று கேட்பதில்லை. கேட்டாலும் அவ்விடையை எழுத நம் பதிவேட்டில் ஒரு கட்டம் இல்லை. அந்தக் கட்டம் ஏன் வேண்டும் என்பதைப் பற்றி அங்கத்தினர்கள் சிந்திக்க வேண்டுமென்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேலையும் குடும்பமும் உள்ள வயதில் பாடப் புத்தகத்தை மறுபடி கையிலெடுப்பது நம் கடலூர், சிதம்பரம் வட்டாரத்திற்குப் புதுமையான காரியமன்று. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில், ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் நிறுவிய மீனாட்சி கல்லூரி வளர்ந்து 1929-இல் பல்கலைக்கழகமாயிற்று. அதற்குப் பின் ஐம்பது ஆண்டுகள் அதன் வகுப்பறைகள் பகற்பொழுதை முழுதும் படிப்புக்கே ஒதுக்க வல்லவர்களுக்காக இருந்தன. 1979-இல் அப்பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியை ஏற்படுத்தியது. வகுப்புக்குப் போக இயலாதவர் வீட்டுக்குப் பாடமே தபாலில் வரலாயிற்று. நாட்டில் இம்முறையை 1962-இல் தில்லிப் பல்கலைக்கழகம் தொடங்கிவைத்தது. நம் மாநிலத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் மேற்கொண்டது. பின்னர் 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இதற்கென்றே தோன்றின. 2013-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை மாநில அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். கல்வி நமக்கு எட்டாத் தொலைவில் இருக்கிறது என்று சொல்ல நம் வட்டாரத்தாருக்கு வாயில்லை.

ஆயினும் அந்த வாயிலில் நுழைந்தவர் யாவர் என்று பார்த்தால், பெரும்பாலும் மாதச் சம்பளக்காரராகவே காண்கிறோம். ஆரம்பப் பள்ளி ஆசிரியர், அலுவலக எழுத்தர், போலீஸ்காரர், பஸ் நடத்துநர் எனப் பலரும் படித்தார்கள், பட்டம் பெற்றார்கள், பதவி உயர்வும் பெற்றார்கள். அவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் அவர்களிடையே தறியில் உட்கார்ந்திருப்பவரும் இரண்டு ஏக்கர் நஞ்சை பயிரிடுபவரும் அருமையாகவே தென்படுகிறார்கள். இதற்குக் காரணம் என்ன?

நெசவாளிக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று சொல்லிவிடுவது எளிது. அது பொய். சம்பளக்காரர் தேர்வுக்குப் போகும் ஐந்து நாளும் விடுப்பில் போகிறார். மாத முடிவில் சம்பளம் குறையாமல் வருகிறது. நெசவாளி ஐந்து நாள் தறியை விட்டு இறங்கினால் ஐந்து நாள் கூலி போயிற்று. கூலி முழத்துக்கும் உருப்படிக்கும் கணக்கிடப்படுவது, நாளுக்குக் கணக்கிடப்படுவதன்று. குறிஞ்சிப்பாடியில் லுங்கி நெய்யும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கணவர் தறிக்குழியில் இருக்க, மனைவி தார் சுற்ற, வீட்டுப் பெரியவர் நூல் இழையைச் சரிபார்க்க, எல்லாம் சேர்ந்துதான் ஒருவர் கூலி. நாடா நின்றால் தாரும் நிற்கும். படிப்புக்குச் செலவாகும் ஒரு மணி நேரம் ஒருவருடைய நேரமன்று, மூவருடைய நேரம்.

விவசாயியின் நிலை வேறு வகையில் இடர்ப்பாடானது. கோடையிலும் டிசம்பரிலும் தேர்வு நடத்துவது இத்தகைய படிப்புகளில் வழக்கம். டிசம்பரில் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பகுதியில் சம்பாப் பயிர் வயலில் நிற்கிறது. வீராணத்தில் நீர் எவ்வளவு, கொள்ளிடத்தில் வெள்ளம் வருமா, வடிகால் அடைத்துக்கொண்டதா என்று இரவும் பகலும் கவலை. அந்த நேரத்தில் வரப்பை விட்டுப் பரீட்சை மண்டபத்தில் மூன்று மணி நேரம் உட்கார எந்த விவசாயிக்கு மனம் துணியும்? தேர்வுக் கால அட்டவணையை அமைத்தவர்கள் நம்மைப் பகைத்துச் செய்யவில்லை. நம்மை நினைக்கவில்லை, அவ்வளவே. நினைவூட்ட வேண்டியது யார் என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்ற பழமொழியை இவ்விடத்தில் பலர் எடுத்து வீசுவார்கள். மூங்கிலுக்கு அது சரியாக இருக்கலாம். கேரளத்தில் கார்த்தியாயினி அம்மா என்பவர் 96-ஆம் வயதில், 2018-ஆம் ஆண்டு, அம்மாநில எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்றார். நாடெங்கும் அவர் புகழ் பரவியது. 2023-இல் 101-ஆம் வயதில் காலமானார். அந்த அம்மையாரை வணங்குகிறோம். ஆனால் இத்தகைய அதிசயச் செய்திகளில் ஓர் அபாயமும் உண்டென்று எனக்குத் தோன்றுகிறது. 96 வயதுப் பாட்டியைக் கண்டு வியந்து கைதட்டிவிட்டு, பக்கத்துத் தறியில் இருக்கும் 35 வயதுக்காரரிடம், "மனமிருந்தால் உன்னால் முடியாதா?" என்று கேட்டுவிடுகிறோம். அவருக்கு மனமிருக்கிறது, முதலிலேயே சொன்னபடி, நேரமில்லை. தனி மனிதரின் வைராக்கியத்தையே நம்பி ஒரு காரியத்தை விட்டுவிட்டால், வைராக்கியசாலிகள் சிலரே பயனடைவர். ஏனையோர் குற்ற உணர்ச்சியோடு ஒதுங்குவர்.

அறிவில் அவர்கள் குறைந்தவர்களா என்றால் அதுவுமில்லை. பஞ்சு நூலின் நம்பரைப் பற்றி நம் நெசவாளரைக் கேட்டுப் பாருங்கள். ஒரு சிட்டத்தில் 840 கெஜம். ஒரு ராத்தலுக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுவே நம்பர். ஆகவே 40-ஆம் நம்பர் நூலில் ஒரு ராத்தலுக்கு 33,600 கெஜம். பாவின் நீளமும் இழைகளின் எண்ணிக்கையும் சொன்னால், எத்தனை சிட்டம் நூல் வேண்டும், கழிவு எவ்வளவு போகும் என்று மனக் கணக்கிலேயே சொல்லிவிடுவார். பள்ளிக்கூடத்தில் இதற்கு விகிதம் என்றும், தலைகீழ் விகிதம் என்றும் பெயர். அவ்வத்தியாயம் வந்த ஆண்டில்தான் பலர் பள்ளியை விட்டு நின்றார்கள்! கணக்கு அவரிடம் இருக்கிறது; அதைக் காகிதத்தில் இடும் முறைதான் கைவரவில்லை. விவசாயியும் அப்படியே. ஏக்கருக்கு எத்தனை மூட்டை உரம், வட்டி எத்தனை, கலத்துக்கு என்ன விலை கிடைத்தால் கட்டுபடியாகும் என்பதெல்லாம் அவர் விரல்நுனியில் உள்ளவை. வயது வந்தவருக்குப் பாடம் சொல்லப் புகுவோர், வெற்றுப் பலகையில் எழுதப் போவதாக நினைத்தால் முதல் வாரத்திலேயே வகுப்பு கலைந்துவிடும்.

இனி, கூட்டுறவு இயக்கத்துக்கும் இப்படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். நூல் கொடுத்துத் துணி வாங்குவதும், கடன் கொடுத்து வசூலிப்பதும் சங்கத்தின் வேலை. படிப்பு சர்க்காரின் வேலை என்பது அவர்கள் கட்சி. இயக்கத்தின் பிறப்பையே அவர்கள் மறந்து பேசுகிறார்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில், 28 பேர் கூடி, 1844 டிசம்பர் 21-ஆம் நாள் ஒரு சிறு கடை திறந்தார்கள். அவர்களுள் பலர் நெசவாளர். கம்பளித் துணி நெய்தவர்கள். பகலெல்லாம் வேலை இருந்தபடியால் கடையை முதலில் மாலை வேளைகளிலேயே திறந்தார்கள். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்ற அக்கடையார் சில ஆண்டுகளுக்குள் கடையின் மேலே படிப்பகமும் நூல் நிலையமும் வைத்தார்கள். இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கல்விக்கென்று ஒதுக்கி எழுதிவைத்தார்கள். மிச்சமான பணத்தில் செய்த தருமமன்று அது. கணக்குப் புத்தகத்தை வாசிக்கத் தெரியாத அங்கத்தினர் நிறைந்த சங்கம் எத்தனை நாள் அங்கத்தினருடையதாக இருக்கும் என்பதை அந்த நெசவாளர்கள் உணர்ந்திருந்தார்கள்.

அதே 1844-ஆம் ஆண்டில், டென்மார்க் தேசத்தில் ரோடிங் என்னும் கிராமத்தில் முதல் மக்கள் உயர்நிலைப் பள்ளி தொடங்கிற்று. குருண்ட்விக் என்ற அறிஞரின் கருத்தையொட்டி எழுந்த இப்பள்ளிகள் சிறுவருக்கானவை அல்ல. வயது வந்த குடியானவர்களுக்கானவை. பரீட்சையும் பட்டமும் அங்கே முதலிடம் பெறவில்லை. நாம் கவனிக்க வேண்டியது அவற்றின் காலமுறையை. பனி விழுந்து நிலத்தில் வேலை நின்றுபோகும் குளிர்காலத்தில் ஆடவருக்கு வகுப்பு; கோடையில் பெண்களுக்கு வகுப்பு. நிலம் எப்பொழுது விடுகிறதோ அப்பொழுது பள்ளி பிடித்துக்கொள்ளும். 1882-இல் யெட்டிங் என்னுமிடத்தில் முதல் கூட்டுறவுப் பால் பண்ணை தோன்றி, சில ஆண்டுகளுக்குள் அந்நாடெங்கும் கூட்டுறவு பரவியதென்றால், அதற்கு இப்பள்ளிகளில் இருந்து எழுந்த குடியானவர்களும் ஒரு காரணம் என்று அந்நாட்டார் பெருமையோடு சொல்லிக்கொள்வார்கள்.

வெளிநாட்டுக் கதை வேண்டாம் என்போர்க்கு நம் மாவட்டமே போதும். குறிஞ்சிப்பாடிக்கு அண்மையிலுள்ள வடலூரில், 1867-இல் தருமசாலையில் அடுப்பு மூட்டிய வள்ளலார், பசிக்குச் சோறிட்டதோடு நிற்கவில்லை. சிறுவர் முதல் முதியோர் வரை தமிழும் வடமொழியும் ஆங்கிலமும் பயிலப் பாடசாலை ஒன்றும் கண்டார் என்று அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர், ஒதுக்கிவைக்கப்பட்ட உழவுத் தொழிலாளரின் மக்களுக்காக 1916-இல் நந்தனார் பெயரால் பள்ளி நிறுவினார். கல்லூரி இன்னும் தோன்றாத காலம் அது.

டென்மார்க்கின் முறையை நம் ஊருக்குப் பெயர்த்துப் பார்ப்போம். நமக்குப் பனியில்லை, ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை உண்டு. அம்மழையில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சியிட்டுக் காயவைக்க முடிவதில்லை. தறிக்குழியில் ஈரம் ஊறுகிறது. தீபாவளி விற்பனைக்கு வேண்டிய உருப்படிகள் ஏற்கெனவே போய்விட்டபடியால் சங்கத்திலும் அவசரமில்லை. நெசவாளி கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்க்கும் அவ்விரண்டு மாதம் அவருக்குப் பள்ளிக்கூடப் பருவம். விவசாயிக்கோ, தை, மாசியில் சம்பா அறுவடையாகி, உளுந்தும் பயறும் எடுத்தபின், ஆனி, ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வரும்வரை ஓய்வுண்டு. ஒரே சங்கக் கட்டடத்தில், ஒரே கரும்பலகையில், மழைக்காலத்தில் நெசவாளருக்கும் வெயிற்காலத்தில் விவசாயிக்கும் வகுப்பு நடத்தினால் என்ன? பண்ருட்டிப் பக்கம் முந்திரி, பலாக்காரர்களுக்கு வெயிற்காலமே வேலைக்காலம். நெல்லிக்குப்பத்தைச் சுற்றிக் கரும்பு வெட்டுக்கு வேறு கணக்கு. ஆகவே ஒரே அட்டவணையைச் சென்னையிலிருந்து எழுதி அனுப்பக்கூடாது. அந்தந்தச் சங்கமே தன் அங்கத்தினரின் ஓய்வு மாதம் எதுவென்று அறிந்து வகுப்பை வைத்துக்கொள்ள வேண்டும். அது சங்கத்துக்குத்தான் தெரியும். தேர்வு நடத்துவோர்க்கு நம் பருவங்களை எடுத்துச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டியதும் சங்கமே. தனி ஒருவர் எழுதும் கடிதம் கோப்பில் உறங்கும். ஒரு வட்டாரத்துச் சங்கங்கள் அனைத்தும் தீர்மானமாக அனுப்புவதை அவ்வாறு உறங்கவிட முடியாது.

எழுத்தறிவு இயக்கங்கள் வந்துபோனதை நாம் பார்த்திருக்கிறோம். 1978 அக்டோபர் 2-இல் தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் வந்தது. 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் வந்தது. அதன் கிளையாக அறிவொளி இயக்கம் தமிழகம் முழுவதும் பரவிற்று. புதுக்கோட்டையில் 1991 வாக்கில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்று, ஊரார் கேலியைத் தாண்டித் தெருவில் ஓட்டிச் சென்றது சரித்திரமாகிவிட்டது. பின்னர் கற்போம் எழுதுவோம் இயக்கம். 2022 முதல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். எல்லாம் நல்ல முயற்சிகளே. ஆனால் இயக்கம் போனபின் எழுத்தும் போய்விடுகிறதே, ஏன்? கையெழுத்துப் போடக் கற்றவர் மறுபடி கைநாட்டுக்குத் திரும்பியதை நாம் அறிவோம். கற்ற எழுத்துக்கு அன்றாடம் வேலை கொடுக்க ஆளில்லாமையே காரணம். அவ்வேலையைக் கொடுக்கும் ஆற்றல் சங்கத்துக்கு உண்டு. பாஸ் புத்தகம், நூல் வழங்கிய சீட்டு, கூலிப் பட்டியல், பயிர்க் கடன் விண்ணப்பம், காப்பீட்டுப் படிவம், ஆண்டறிக்கை, தணிக்கைக் குறிப்பு ஆகிய இவைதாம் நம் வாசகப் புத்தகங்களாக வேண்டும். அணிலும் ஆடும் இலையும் வேண்டாம். தன் கூலியைத் தானே கூட்டிப் பார்க்கக் கற்றவர் அதை மறக்கமாட்டார்.

எழுத்தறிவோடு நில்லாமல் மேலே செல்ல விரும்புவோருக்குப் படிகள் உள்ளன. அப்படிகளைப் பற்றி நம் அங்கத்தினரிடையே நிறையக் குழப்பமிருப்பதால் இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். நம் மாநில அரசுத் தேர்வுத் துறை எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, மேல்நிலைத் தேர்வுகளைத் தனித்தேர்வர் எழுத இடமளிக்கிறது. மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் இன்னொரு வசதியுண்டு. ஒருமுறை பதிந்துகொண்டால் ஐந்தாண்டுக் காலத்துக்குள் பாடம் பாடமாகத் தேர்வு எழுதி முடிக்கலாம்; தேறிய பாடத்தை மறுபடி எழுத வேண்டியதில்லை. மழைக்கு இரண்டு பாடம், அடுத்த மழைக்கு இரண்டு பாடம் என்று போக நெசவாளிக்கு இதனினும் ஏற்ற முறை வேறில்லை. ஆனால் எதற்காகப் படிக்கிறோமோ அந்த வேலைக்கோ பதவிக்கோ அச்சான்றிதழ் ஏற்கப்படுமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த எச்சரிக்கை வீணன்று. படிகளைத் தாண்டிக் குதித்து ஏமாந்தவர் பலர். ஒரு காலத்தில், பள்ளிப் படிப்பையே முடிக்காதவரும் வயதை மட்டும் காட்டித் திறந்தநிலை முறையில் நேரே பட்டமோ முதுகலைப் பட்டமோ பெறலாம் என்றிருந்தது. நம் சிதம்பரத்திலும் அவ்வழி இருந்தது. 2009 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்ந்த ஒரு வழக்கிலேயே, முதற்பட்டம் இல்லாமல் அவ்வாறு பெற்ற முதுகலைப் பட்டம் பதவிக்குரிய தகுதியாகாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசும், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்ற வரிசையில் வராத திறந்தநிலைப் பட்டம் அரசுப் பணிக்குத் தகுதியன்று என ஆணையிட்டது. ஊணுறக்கமின்றிப் படித்துப் பெற்ற காகிதம் ஒரு நாளில் மதிப்பிழந்தது. படித்தவர் செய்த பிழை என்ன? கேட்டறிய ஆளில்லாத பிழை.

பின்னும் 2022 மார்ச்சில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரையே தன் அங்கீகாரம் இருந்தது என்று பல்கலைக்கழக மானியக் குழு பொது அறிவிப்பு வெளியிட்டது. தொண்ணூறாண்டுப் பெருமையுடைய நிலையத்துக்கே இவ்வாறு நேர்ந்ததென்றால், ஊருக்கு ஊர் பலகை மாட்டியிருக்கும் தரகர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதே குழு 2022 செப்டம்பரில், முறையாக அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் வகுப்பில் உட்கார்ந்து பெற்ற பட்டத்துக்கு நிகரானதே என்றும் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆதலின் இக்கல்வியே கீழானது என்று ஒதுக்குவதும் தவறு. கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டுவதும் தவறு. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு, எந்த ஆண்டு என்ற மூன்றையும் மானியக் குழுவின் பட்டியலில் பார்த்த பிறகே கட்டணம் செலுத்தலாம். பட்டியல் இணையத்தில் கிடைக்கிறது. சங்க அலுவலகத்தில் இன்று கணினி இருக்கிறது. அதைப் பார்த்துச் சொல்வது செயலாளருக்குக் கால் மணி நேர வேலை. இந்தக் கால் மணி நேரத்தை அளிக்காத சங்கம், தன் அங்கத்தினர் மூன்றாண்டு உழைப்பை இழப்பதற்கு உடந்தை என்றே சொல்லுவேன்.

பணத்துக்கு வருவோம். தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983, நிகர இலாபத்தில் ஒரு பகுதியைக் கூட்டுறவுக் கல்வி நிதிக்கு அளிக்க வேண்டுமென்று விதிக்கிறது. ஆண்டறிக்கையில் அத்தொகையை ஒரு வரியாகப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். அந்நிதியால் நடக்கும் பயிற்சிகள் பெரிதும் சங்க ஊழியருக்கும் நிர்வாகிகளுக்கும் ஆனவை. தமிழ்நாடு கூட்டுறவு ஒன்றியம் தன் மேலாண்மை நிலையங்களின் வாயிலாக நடத்தும் பட்டயப் பயிற்சி, சங்க வேலைக்குப் போக விரும்பும் நம் பிள்ளைகளுக்கு உதவியிருக்கிறது. சாதாரண அங்கத்தினர் பங்கு எங்கே? மாடு வாங்கக் கடன் கொடுக்கிறோம். தறி வாங்கவும் நகையின் பேரிலும் கடன் கொடுக்கிறோம். பரீட்சைக் கட்டணத்துக்கும், தறி நிற்கும் ஐந்து நாட் கூலிக்கு ஈடாகவும் ஒரு சிறு முன்பணம் கொடுத்து, தவணையில் கூலியில் பிடித்துக்கொண்டால் சங்கம் முழுகிவிடாது. சட்டமும் துணை விதியும் எவ்வளவு இடங்கொடுக்கும் என்பதைச் சரக அலுவலரிடம் கேட்டுத் தெளியலாம். கேட்டு மறுக்கப்பட்டால் திருத்தம் கோரலாம். இதுவரை எந்தப் பொதுப் பேரவையிலும் இதை ஒருவர் எழுந்து கேட்டதாக என் நினைவில் இல்லை.

பெண் அங்கத்தினரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிந்த ஆண்கள் நூற்றுக்கு 86.77, பெண்கள் 73.44. இவ்வித்தியாசத்தை இரவு வகுப்பு வைத்துத் தீர்க்க முடியாது. மாலை ஆறு மணிக்கு மேல் அடுப்பும் குழந்தைகளும் காத்திருக்கும் பெண்ணை இரவு எட்டு மணி வகுப்புக்கு வரச் சொல்பவர், வரவேண்டாம் என்று நாகரிகமாகச் சொல்கிறார். பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு வரை அவர்களுக்குச் சற்று ஒழிவுண்டு. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு மூதாட்டி, உட்காரப் பாய், வீட்டுக்குப் பக்கத்தில் இடம் என இவ்வளவு இருந்தால் வருவார்கள். தார் சுற்றிக்கொண்டே பாடம் கேட்கட்டுமே! ஆசிரியர் முகஞ்சுளிக்காதிருந்தால் போதும்.

படித்துவிட்டால் தறியை விட்டுப் போய்விடுவார்கள். சங்கத்துக்கு நெய்ய ஆளிராது என்று நிர்வாகிகள் சிலர் அஞ்சுகிறார்கள். வெளியே சொல்லமாட்டார்கள், ஆனால் அச்சம் உண்டு. இதற்குப் பூசி மெழுகிப் பதில் சொல்ல நான் விரும்பவில்லை. சிலர் போகத்தான் போவார்கள். படிக்காவிட்டாலும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் நம் இளைஞர்கள் பஸ் ஏறுவது பட்டம் பெற்ற பிறகன்று. படிக்காமல் போகிறவர் சுமை தூக்கவும் காவலிருக்கவும் போகிறார். படித்துப் போகிறவர் வேறொன்றாய்ப் போகிறார். வித்தியாசம் அவ்வளவே. அறியாமையை வேலியாகக் கட்டி ஆளைத் தறியில் நிறுத்திவைப்பது கூட்டுறவு ஆகாது. தங்குகிறவர்களோ, புதிய வடிவத்தைப் படித்துப் போடவும், வாங்குவோர்க்குக் கடிதம் எழுதவும், பொதுப் பேரவையில் தணிக்கைக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏழாவது இனம் ஏன் கூடிற்று?" என்று கேட்கவும் வல்லவராய்த் தங்குவார்கள். உண்மையில் சிலருக்கு இக்கேள்வியைப் பற்றித்தான் அச்சமோ என்னவோ!

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 2022-க்குப் பின் கணினிமயமாகி வருகின்றன. முன்பு செயலாளர் கையால் எழுதிய கணக்கைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் காட்டியாவது சரிபார்த்தோம். இப்பொழுது அச்சிட்ட தாளும் கைப்பேசியில் குறுஞ்செய்தியும் வருகின்றன. அச்சிட்டதெல்லாம் உண்மை என்று நம்பும் வழக்கம் நம்மிடம் வலுத்திருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் கணினி வந்ததனால் சங்கம் இன்னும் ஒரு படி தூரம் போயிருக்கிறது. அதன் நிலைப்படியில் நின்றுகொண்டே தூரம்.

வரும் பொதுப் பேரவையின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெற வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். அங்கத்தினர் பதிவேட்டில் படிப்பு நின்ற வகுப்பையும் தொடர விருப்பத்தையும் குறிக்க இரு கட்டங்கள் சேர்க்கலாம். ஓய்வு மாதங்களில் சங்கக் கட்டடத்தின் முன் அறையை நாள்தோறும் இரண்டு மணி நேரம் வகுப்புக்கு விடலாம். மின்விளக்கும் கரும்பலகையும் ஏற்கெனவே இருக்கின்றன. ஓய்வுபெற்ற ஆசிரியர் இல்லாத ஊர் நம் மாவட்டத்தில் அரிது. அவரைத் தேடிப் போய் அழைக்க நிர்வாகக் குழுவில் ஒருவரை நியமிக்கலாம். தேர்வு முன்பணத்துக்கு முதலாண்டில் பத்துப் பேருக்கு மட்டும் ஏற்பாடு செய்து பார்க்கலாம். தீர்மானத்தை முன்மொழிய விரும்பும் அங்கத்தினர்கள், பேரவை அறிவிப்பு வந்த ஒரு வாரத்துக்குள் எழுத்து மூலமாகச் செயலாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கிக்கொள்ளவும். எழுத வராதவர்கள் எழுதத் தெரிந்த அங்கத்தினரைக் கொண்டு எழுதுவித்து, வாசிக்கக் கேட்ட பின்பே தங்கள் அடையாளத்தை இடவும்.